கேட்டுக்கு முதலில் ஓடி வருவது யார்

என் அக்கா ஷாமளாவின் கணவர் மதிவாணன் மாமா நல்ல மனிதர். குடிக்க மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். கோயில் திருவிழாவில் சோற்று அண்டாவைத் தூக்க ஆள் கேட்டால் முதலில் கை கொடுப்பது அவர்தான். ஆனால் அடுத்த வீட்டு மாமரம் பூத்துவிட்டால் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவ்வளவுதான், ஒன்றும் சொல்ல மாட்டார். வயிற்றெரிச்சல் அவருக்குக் கோபமாக வராது, கேள்வியாகத்தான் வரும்.

“உன்னப் பொண்ணு பாக்க வந்தானே, அந்தக் குளுவாங்காரன், அவனுக்கு முடி கொட்டிருச்சாமே?” என்பார் சாப்பிட்டுக்கொண்டே.

“எனக்கென்ன தெரியும்?” என்பாள் அக்கா.

“தெரியாதா? சரி, சரி.”

திருமணமாகிப் பதினாறு வருடம் ஆகிவிட்டது. குளுவாங் ஊர்க்காரரான அவர் ஒரே ஒருநாள் வந்து, பலகாரம் சாப்பிட்டு, சம்பளத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனவர். எங்கள் வீட்டில் அவர் இன்னும் எழுந்து போகவில்லை.

மாமா பாலோ ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மூன்றாவது பையன். பள்ளிச் சட்டை பெரிய அண்ணனுடையது, காலணி நடு அண்ணனுடையது. பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் அடிக்கப்பட்டு மூன்றாவதாக அவர் பெயர் இருக்கும். அவருடைய அம்மா அவரைக் கூப்பிட வாயெடுத்தால் முதலில் இரண்டு அண்ணன்களின் பெயர்கள் வந்த பிறகுதான் மதிவாணன் வரும். இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். சிரிப்பு முடிந்த பிறகும் முகத்தில் ஏதோ மிச்சம் இருக்கும், கோப்பை கழுவிய பிறகும் அடியில் நிற்கிற தேநீர்க் கறை மாதிரி.

இப்போது நாங்கள் இருப்பது செடெனாக்கில், தொடர் வீடுகள் உள்ள ஒரு தாமான் குடியிருப்பில். மாமா எல்லை தாண்டிப் போய், சிங்கப்பூரில் டுவாஸ் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். விடியுமுன் மோட்டாரில் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் திரும்புவார். அவர் கேட்டைத் தானே திறந்து, தானே மூடி, தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு உள்ளே வரும்போது அக்கா அடுப்பிலோ நாடகத்திலோ இருப்பாள். பதினான்கு வயது மகள் லோஷினி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ம்மா, அப்பா வந்தாச்சு” என்பாள். பின்னறையில் குடியிருக்கும் நானும் எழுந்து போனதில்லை. அவர் வருவது கதவு திறப்பது போல, விசிறி சுற்றுவது போல ஒரு சத்தம்.

இது அவருக்கு உறைத்தது ஷர்மைனால்.

ஷர்மைன் பக்கத்து வீடு. குலாயில் ஒரு கிளினிக்கில் தாதி. கத்தோலிக்கப் பெண், தனியாக இருக்கிறார், மாமாவை அண்ணே என்று கூப்பிடுவார். தெருநாய்களை மீட்டு வைத்திருக்கும் ஒரு காப்பகத்திலிருந்து ஒரு நாயை எடுத்து வந்திருந்தார். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் கழுத்தில் கம்பியோடு கிடந்த நாய். ஒரு காது பாதிதான் இருக்கும். பால் ஊற்றாத காப்பியின் நிறம், அதனால் பெயர் கோப்பி.

மாமாவுக்கு விடுமுறை நாட்களில், மாலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்காரும் பழக்கம். ஷர்மைனின் மோட்டார் எங்கள் லோரோங்கின், அந்தச் சந்தின், திருப்பத்துக்கு வரும் முன்பே கோப்பி எழுந்துவிடும். எங்கள் காதுக்கு எதுவும் கேட்டிருக்காது. பாதிக் காதும் முழுக் காதும் நிமிர்ந்து, வாலோடு இடுப்பும் ஆட, கேட்டுக் கம்பியில் இரண்டு காலையும் தூக்கி வைத்து நிற்கும். ஷர்மைன் இறங்குவதற்குள் அதற்கு மூச்சு வாங்கும்.

“ஒருத்தர் வர்றத அது எப்படி மச்சான் தெரிஞ்சுக்குது?” என்று மாமா என்னிடம் கேட்டார்.

“மோட்டார் சத்தம் மாமா. அவங்க சத்தத்தைத் தனியா பிரிச்சு வெச்சிருக்கும்.”

மாமா கோப்பியின் வாலையே பார்த்தார். பிறகு கேட்டார். “என் மோட்டார் சத்தம் இந்த வீட்ல யாருக்குத் தெரியும்?”

அதற்கான பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

நாய் வாங்கலாம் என்று அவர் சொன்னபோது லோஷினி துள்ளினாள். வேலியோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஷர்மைனுக்கும் காதில் விழுந்துவிட்டது.

“வாங்குறதா? எதுக்கு அண்ணே? காப்பகத்துல நெறைய இருக்கு லா. வந்து பாருங்க, எது உங்களப் பாத்து வாலாட்டுதோ அத எடுத்துக்கலாம்.”

“யாரோ வளத்து விட்டதுதானே?”

“விட்டுட்டாங்க. அதான் நாம எடுக்கணும்ங்கிறேன்.”

“அதுக்கில்ல ஷர்மைன். அதுக்கு மனசுல வேற ஒருத்தன் இருப்பான்.”

ஷர்மைன் துணிக் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். “நாய்க்கா? என்ன அண்ணே, பொண்ணு பாக்குற மாதிரி பேசுறீங்க?”

“பொண்ணு பாத்தப்பவும் இதான் பேச்சு,” என்றாள் அக்கா சமையலறை சன்னலிலிருந்து. “இன்னும் குளுவாங்காரர விடல.”

“சரி, குட்டியா எடுங்க. குட்டிக்கு யாரத் தெரியும்?”

“உங்க ஆளுங்க பத்துப் பேரு தூக்கிக் கொஞ்சியிருப்பாங்க.” மாமா எழுந்து நாற்காலியை மடக்கினார். “எனக்கு ஆரம்பத்துலேருந்து வேணும்.”

ஆரம்பம் மூவாரில் இருந்தது. நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பின்னால், நாய் வளர்த்து விற்கும் ஒரு சீனப் பெரியவரின் இடம். சீனப் பெருநாள் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா, லோஷினி, நான் மூவரும் காரில் போனோம். எங்கும் மரத்தூள் வாசனை. பொன்னிறக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. பெரியவர் அவற்றின் அப்பா வாங்கிய பரிசுகளின் படங்களைக் காட்டினார். மாமா அவற்றைப் பார்க்கவே இல்லை. குட்டியை இதுவரை யார் யார் தூக்கினார்கள், யார் சோறு வைத்தார்கள், அதற்கு யாரையாவது அடையாளம் தெரியுமா என்று மலாயில் கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், இரண்டு மாதக் குட்டிக்குப் பாலைத் தவிர என்ன தெரியும் என்று சொல்லிச் சிரித்தார்.

மாமாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பும்போது கூண்டுக்குள் தாய் நாய் எழுந்து நின்றது. குரைக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் போகும் சட்டையை மட்டும் பார்த்தது. மாமா வேகமாக நடந்தார்.

கார் ஓட்ட என்னை விட்டுவிட்டு வழி முழுவதும் குட்டியை மடியிலேயே வைத்திருந்தார். லோஷினி எவ்வளவோ கெஞ்சியும் கொடுக்கவில்லை. “மொதல்ல என் வாசனையப் பிடிக்கட்டும்,” என்றார். அவள் ஆயர் ஈத்தாம் வரை கெஞ்சினாள், அதற்குப் பிறகு காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

பெயர் சீசர். முதல் சில இரவுகள் அது அழுதுகொண்டே இருந்தது.

“அம்மாவத் தேடுது,” என்றாள் அக்கா.

“எத்தன நாள் தேடும்?” என்று கேட்டார் மாமா. அந்தக் குரலை எனக்குத் தெரியும். குளுவாங்காரரை விசாரிக்கிற அதே குரல்.

சட்டம் போட்டார். சீசருக்கு அவர்தான் சோறு வைப்பார், வேறு யாரும் தொடக்கூடாது. கிளம்பும் முன் ஒரு வேளை, வந்த பின் ஒரு வேளை. ஏதோ காணொளியில் பார்த்தாராம், கையால் ஊட்டினால் நாய் ஒருவனுக்கே சொந்தமாகிவிடும் என்று. நடுவில் அக்கா பிஸ்கட் போட்டதும், லோஷினி அதற்குத் தன் தலையணையைக் கொடுத்ததும் அவருக்குத் தெரியாது.

சட்டமோ, வயதோ, வைகாசிக்குள் அது நடந்துவிட்டது. ஒருநாள் மாலை சீசர் தூக்கத்திலிருந்து தலையைத் தூக்கியது. எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. எழுந்து, வழுக்கி, ஓடி, கேட்டில் முட்டிக்கொண்டு நின்றது. அதன் பிறகுதான் மாமாவின் மோட்டார் சத்தம் வந்தது. அவர் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தவில்லை. அதைப் பார்த்தார், அப்படியே நேராகப் போய்விட்டார்.

“எங்க போறாரு இவரு?” என்றாள் அக்கா.

லோரோங்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அப்போதுதான் முதலில் வருகிறவர் மாதிரி மறுபடியும் வந்தார். சீசர் மறுபடியும் முட்டிக்கொண்டு நின்றது. தலைக்கவசக் கண்ணாடிக்குள் அவர் முகம் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததே நல்லது என்று எனக்குத் தோன்றியது. சில முகங்களை ஆள் இல்லாத இடத்தில் வைத்துத்தான் அவிழ்க்க வேண்டும்.

அதன் பிறகு குளுவாங்காரர் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். மாமரம் காய்த்தது, மாமா கறிவேப்பிலையைப் போய்ப் பார்க்கவில்லை. ஷர்மைனிடமும் பெரிய மனசோடு பேசினார். “ஒங்க கோப்பியும் நல்ல நாய்தான்,” என்பார். அந்த ‘உம்’மில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிறகு புரட்டாசி வந்தது.

எங்கள் வீட்டில் புரட்டாசியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாமாதான் அதற்குத் தலைவர். முதல் நாளே கோழி வெட்டும் கத்தி, மீன் சட்டி, இறைச்சி வைத்த டப்பா எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். குளிர்பெட்டியை மஞ்சள் தண்ணீரால் துடைப்பார். மாதம் முடியும்வரை கேட்டைத் தாண்டி ஒரு முட்டைகூட உள்ளே வரக்கூடாது.

சீசரின் தீனி மூட்டையைத் திருப்பிப் படித்தது அக்கா. “என்னங்க, இதுலயும் கோழி இருக்குங்க.”

மாமா வாங்கிப் படித்தார். நெற்றியைத் தடவினார். “அதுக்கென்ன, அது நாயிதானே?”

“அது தின்ன தட்ட யாரு கழுவுறா? சாமி மேடைக்கு மூணடி தள்ளித்தான் அது படுக்குது.”

சட்டம் போட்டவரே மீற முடியுமா? மூட்டையும் பெட்டிக்குள் போனது. சீசருக்குப் பருப்புச் சோறு, தயிர்ச் சோறு, சனிக்கிழமை சாம்பார். முதல் நாள் முகர்ந்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. அதற்கு நாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டோம், ஆனால் மன்னிக்கத் தயார் என்பது போன்ற பார்வை. மூன்றாம் நாள் தட்டு பக்கமே போகவில்லை.

பின்பக்கம் கால்வாயை ஒட்டி இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் வேலியின் கீழ்க்கம்பி துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. அந்த இடைவெளிக்கு அந்தப் பக்கம் ஷர்மைனின் சமையலறை. அவர் கோப்பிக்குத் தினமும் கோழிக் கழுத்தும் அரிசியும் வேக வைப்பார். புரட்டாசி மாதத்தில், வீடு முழுக்கக் கீரை வாசனை அடிக்கும் ஒரு லோரோங்கில், அந்தச் சட்டியிலிருந்து வரும் ஆவியை நினைத்துப் பாருங்கள். எனக்கே சில நாள் கவிதைப் புத்தகத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது.

மாமா அதைக் கண்டுபிடித்தது ஒரு சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து, பெருமாளுக்குத் துளசி மாலையும் வாங்கிக்கொண்டு வந்தார். கேட்டில் யாரும் இல்லை. ஹாரன் அடித்தார். உள்ளிருந்து லோஷினி, “அப்பா வந்தாச்சு” என்றாள், அம்மாவிடம். அப்போது ஷர்மைனின் மோட்டார் திருப்பத்தில் வந்தது. பக்கத்து வீட்டுப் பின்பக்கத்திலிருந்து இரண்டு நாய்கள் ஓடி வந்தன. முன்னால் கோப்பி. அதன் தோளில் இடித்துக்கொண்டு, பொன்னிற வாலைச் சுழற்றிக்கொண்டு சீசர். ஷர்மைனின் கேட்டில் நான்கு முன்னங்கால்கள் ஏறி நின்றன.

மாமா துளசி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“எத்தன நாளா நடக்குது இது?” என்றார்.

ஷர்மைனுக்குப் புரியவில்லை. “என்ன அண்ணே?”

“என் நாய இழுத்துக்கிட்டீங்களே, அது எத்தன நாளா?”

“அலமாக்! நான் எங்க இழுத்தேன்? அதுவா வேலிக்கடியில பூந்து வருது. கோப்பி சாப்பாட்டுல பாதிய அதுக்கு விட்டுட்டு ஒதுங்கி உக்காருது. எனக்கே ஆச்சரியம்.”

“கோழி போட்டா எந்த நாயும்தான் வரும்.”

“அப்ப நீங்களும் போடுங்களேன்.”

“எங்க வீட்ல புரட்டாசி.”

“உங்களுக்குப் புரட்டாசி, சரி அண்ணே. சீசர் எப்ப நேந்துக்கிச்சு?”

வாசலுக்கு வந்திருந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா அதைப் பார்த்துவிட்டார். சீசரைக் கழுத்துப் பட்டையில் பிடித்து இழுத்து வந்தார். இடைவெளியில் பலகை வைத்து ஆணி அடித்தார். ஒவ்வோர் ஆணியையும் ஒருமுறை கூடுதலாக அடித்தார்.

அதன் பிறகு சீசர் பலகைக்கு முகத்தைக் காட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்தது. மாமா வந்தால் வால் ஒருமுறை தரையைத் தட்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை போல. உடம்பு எழாது. ஒரு மாலை அவர் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தயிர்ச் சோற்றைக் கையில் எடுத்து நீட்டினார். அது கையை முகர்ந்து, முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டது.

“மூவார்லேருந்து உன்ன மடியில வெச்சிக் கொண்டாந்தேன்டா,” என்றார். யாருக்கும் கேட்காது என்று நினைத்திருப்பார். என் அறைச் சன்னல் அந்தப் பக்கம்தான்.

அன்று அவர் சாப்பிடவில்லை. அவர் பயம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்த மாதம் முடிவதற்குள் சீசர் அவருடைய சத்தத்தை மறந்துவிடும்.

மறுநாள் மோட்டார் சத்தம் வந்தது, கேட்டைத் திறக்கும் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மாமா கேட்டுக்கு வெளியே, கால்வாய்ச் சிமெண்ட்டில் உட்கார்ந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். சீனக் கடைக் கோழிச் சோறு. அவித்த கோழியின் எலும்பை ஒவ்வொன்றாக எடுத்து வேறு காகிதத்தில் சேர்த்தார். விரல் நுனியால் மட்டும், சூடான விளக்கைத் தொடுகிறவர் மாதிரி.

“என்னங்க இது?” அக்கா கேட்டுக்கு உள்ளே இருந்தபடி கேட்டாள்.

“உள்ள கொண்டு வரலயே?”

“பெருமாளு பாக்க மாட்டாரா?”

“கேட்டுக்கு உள்ள பெருமாளு. கேட்டுக்கு வெளிய மஜ்லிஸ் ரோடு, கவர்மெண்டு எடம்.” தலையைத் தூக்காமலே சொன்னார். “நாய விடு.”

நான்தான் சீசரை விட்டேன். அது என் காலை இடறிவிட்டு ஓடியது. அதே நேரம் குப்பை போட ஷர்மைன் தன் கேட்டைத் திறந்தார். கோப்பி வெளியே பாய்ந்தது. சீசருக்கு முன்னால் போய், மாமாவின் முழங்காலில் இரண்டு காலையும் வைத்து, வாலோடு இடுப்பையும் ஆட்டியது.

“கோப்பி! வா!” என்றார் ஷர்மைன்.

கோப்பி திரும்பவில்லை.

“கோப்பி!”

பாதிக் காதுகூட அசையவில்லை. ஷர்மைன் குப்பைப் பையோடு நின்றார். “அது யார்கிட்டயும் இப்படிப் போகாதே அண்ணே,” என்றார். “என் ஃபிரண்டுங்க வந்தாக்கூட கட்டிலுக்கு அடியில போயிடும்.”

மாமா நிமிர்ந்து பார்த்தார். வெற்றியாக ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் ஷர்மைனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த முகத்தை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு நாளும் உள்ளிருந்து பார்த்ததை இப்போதுதான் வெளியிலிருந்து பார்க்கிறார்.

“போ, போ,” என்று கோப்பியை மெல்லத் தள்ளினார். “அம்மா கூப்புடுது பாரு. போ.”

கோப்பி பாதி தூரம் போனது. ஷர்மைனைப் பார்த்தது, கோழியைப் பார்த்தது, திரும்பி வந்தது.

“கோழிக்குத்தான் வருது ஷர்மைன். எனக்கில்ல.”

“தெரியும் அண்ணே,” என்றார் ஷர்மைன். தெரிந்தவர் மாதிரி இல்லை. ஆனால் குப்பையைப் போட்டுவிட்டு வந்து, கால்வாய்ச் சிமெண்ட்டில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். மாமா ஒரு துண்டை அவர் கையில் கொடுத்து, “நீங்க குடுங்க,” என்றார். கோப்பி அதை ஷர்மைன் கையிலிருந்து வாங்கிக்கொண்டது.

அன்று அக்கா மாமாவைக் கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்து, குழாயை நீட்டிக் கைகால் கழுவச் சொல்லி, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் உள்ளே விட்டாள். பலகையின் ஆணிகளை மறுநாள் அவரே பிடுங்கினார்.

அது தினசரி வழக்கமானது. மாமா வரும் நேரத்துக்கு ஷர்மைனும் வெளியே வருவார். ஒருநாள் அவர் ஈரல் கொண்டு வந்தார். அடுத்த நாள் மாமா இரண்டு பொட்டலம் வாங்கி வந்தார். “டேய் சீசர், அவன முந்த விடாதடா,” என்று மாமாவும், “கோப்பி, ஸ்லோவா போறியே லா!” என்று ஷர்மைனும் பந்தயக்காரர்கள் மாதிரி கத்துவார்கள்.

மூன்றாம் சனிக்கிழமை கழிந்த செவ்வாய்க்கிழமை, லோஷினி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வாரமாகக் கீரையும் பருப்பும் தின்ற முகம்.

“அப்பா, நாய்க்கு மட்டும் கோழிச் சோறா?”

“நீ விரதம்ல?”

“நான் எப்ப நேந்துக்கிட்டேன்?” ஷர்மைனின் வசனத்தை அவள் எடுத்துக்கொண்டாள். “என்னவிட அதுங்க பெருசா ஒங்களுக்கு? கார்ல தூக்கக்கூட விடல. இப்ப தினமும் அதுங்களுக்குப் பார்சல். எனக்கு என்னைக்காவது ஒரு பார்சல் வாங்கிட்டு வந்திருக்கீங்களா?”

அந்தக் கேள்வியில் இருந்த எரிச்சலை, அவருடைய வயிற்றிலிருந்தே வந்ததை, மாமா அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். ஒரு மாதிரி வெட்கத்தோடு சிரித்தார். உள்ளே அக்கா எங்கே இருக்கிறாள் என்று பார்த்தார்.

“கேட்டுக்கு வெளிய வா,” என்றார் மெதுவாக.

அடுத்த மாலை நான் வாசலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். நாய்கள் இரண்டும் படுத்திருந்தன. உள்ளே கைப்பேசிப் பாட்டு சட்டென்று நின்றது. லோஷினி செருப்புகூடப் போடாமல் என்னைத் தாண்டி ஓடினாள். அவள் கேட்டை அடைந்த பிறகுதான் சீசர் தலையைத் தூக்கியது. அதற்கும் பிறகுதான் திருப்பத்தில் மோட்டார் சத்தம் எனக்குக் கேட்டது.

“கோழிக்குத்தான் ஓடுறா,” என்றாள் அக்கா என் பின்னால் நின்று. அந்தக் குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. அவளுக்காக யாரும் இந்த வீட்டில் ஓடியதில்லை.

மாமா கேட்டருகே வந்தார். கம்பியைப் பிடித்து, கால் கட்டைவிரலில் எம்பி நிற்கும் மகளைப் பார்த்தார். வண்டியை நிறுத்தவில்லை. பொட்டலம் கைப்பிடியில் ஆட, நேராகப் போய்விட்டார்.

“அப்பா! எங்க போறீங்க? அப்பா!”

லோஷினி கத்திக்கொண்டே நின்றாள். லோரோங்கைச் சுற்றிக்கொண்டு அந்தச் சத்தம் மறுபடியும் வரும்வரை அவள் கேட்டை விட்டு நகரவில்லை.